தனியா வைக்க ஓர் இடம்

செய்தி வந்தபோது நான் அடுக்களையில் இருந்தேன். ஓசூரிலிருந்து கவிதா பேசினாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கே போயிட்டாங்க?" என்று கேட்டேன். பேரனின் காதுகுத்துக்காக மகள் வீட்டுக்குப் போயிருந்த தேவகியக்கா வியாழக்கிழமை திரும்பி வருவதாக இருந்தது. பொறுக்காமல் முன்னாடியே பஸ் ஏறிவிட்டாரோ என்றுதான் என் புத்தி போயிற்று. மறுமுனையில் கவிதா உடைந்து அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் காப்பி குடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

நம் கோவில்பதாகைத் தெரு மகளிர் குழுவில் அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் எனக்கு எளிது என்று நினைத்திருப்பீர்கள். இரங்கல் கூட்டங்களுக்கு எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அக்காவுக்கு அப்படி எழுதினால் மேலேயிருந்தே, "இன்னாமே, எனுக்குப் போயி இம்மாம் பெரிய வார்த்த?" என்று கேட்பார். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. ஓரகத்தி என்று சொன்னவுடன் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், சண்டைக் கதை ஏதாவது தேறுமா என்று. தேறும், தாராளமாகத் தேறும். அண்ணன், தம்பி இரண்டு பேரும் தென்காசிக்காரர்கள். பெரியவர் முதலில் பாடியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார், பக்கத்துத் தெருப் பெண்ணையே கட்டிக்கொண்டார். எங்களுக்கு ஊரிலேயே பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அக்கா வாசலில் நின்று, "இன்னாமே நின்னுகினே கீற, உள்ள வந்து குந்து" என்றார். திட்டுகிறார் என்று நினைத்து அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்ச் சோடா வாங்கிவரச் சொன்னார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கா செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் போட்டுப் பிசிறு பார்க்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது பட்டுப்புடவையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பேச்சோடு பேச்சாக முந்தானையைத் திருப்பி உள்பக்கம் பார்த்துவிடுவார். எனக்கு மானம் போகும். கேட்டால், "வெளிய எல்லாம் ஒயுங்காத்தான் கீது, உள்ள பாக்கணும்" என்பார். இந்த வார்த்தையை அவரிடம் கேட்காதவர்கள் நம் தெருவில் இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் கீழே ஹால், இரண்டு அறைகள், அடுக்களை. மாடியில் பெரியவர் குடும்பத்துக்கு ஓர் அறை. அடுப்பு மட்டும் ஒன்றுதான். பெரியவர் காலமாகி, கவிதா கல்யாணமாகி ஓசூர் போய், எங்கள் மகனும் வேலைக்கு வெளியூர் போன பிறகும் அப்படியேதான் இருந்தது. காலையில் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து பால் காய்ச்சுவார். நான் காய் நறுக்குவேன். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, குறை சொல்லிக்கொண்டு, சமையல் நடக்கும்.

அந்த அடுக்களைக் கப்போர்டுகள் வீடு கட்டியபோது போட்டவை. கதவுகளெல்லாம் தண்ணீர் பட்டு உப்பி, மைக்கா உரிந்து, ஒன்றை மூடினால் இன்னொன்று திறந்துகொண்டது. செல்வம் என்ற ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டி நல்லாத்தான்மா கீது. கதவ மட்டும் புதுசா பண்ணி, மேல மைக்கா ஒட்டிக்கினா போதும். இல்லாங்காட்டி மொத்தத்தையும் பேத்துட்டு புதுசா போட்டுக்கலாம். உங்க இஷ்டம்" என்றார். அக்கா விடுவாரா? தானும் குனிந்து உள்ளே தட்டிப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டி, "இதுக்கு இன்னும் பத்து வருசம் ஒண்ணியும் ஆவாது" என்று தீர்ப்புச் சொன்னார். செல்வம் அதில் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. அன்று மாலைவரை நான் சிரித்தேன், அக்கா என்னோடு பேசவில்லை.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று, புது மாதிரி அடுக்களை செய்துகொடுக்கும் கடை ஒன்றுக்கு இருவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். அங்கிருந்த பெண் ஓர் இழுப்பறையைத் தள்ளிக் காட்டினாள். அது பாதியில் வேகம் குறைந்து, சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொண்டது. அக்கா அதைத் திரும்பத் திரும்ப ஓங்கித் தள்ளிப் பார்த்தார். சத்தம் வரவேயில்லை. "இன்னாமா இது, கோவம் வந்தா சாத்தக்கூட முடியாதா? நாங்க ரெண்டு பேரு ஆக்குற எடம்மா. கதவு சத்தம் கேட்டாத்தான் எனுக்கு இவ கோவமே தெரியும்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். செலவு என்று ஆகிவிட்டது, கீழே எல்லாவற்றையும் புதிதாகப் போடுவோம், மாடியிலும் சின்னதாக ஓர் அடுக்களை வைத்துவிட்டால் அண்ணிக்குப் படி இறங்கி ஏறும் வேலை மிச்சம் என்றார். அக்காவுக்கு முழங்கால் வலி அதிகமாகியிருந்தது, அதனால் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எனக்குத்தான் பயம் வந்தது. எங்களைப் போன்ற வீடுகளில் இரண்டாவது அடுப்பு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் செல்வம் அளவெடுக்க வந்தார். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுக்களைக்குள் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "தனியா வெக்க எனுக்கு ஒரு எடம் வோணும்பா. எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன், இந்த ஊட்ல யாரும் காதுல வாங்கல."

சொல்லிவிட்டாரே! ஆசாரியிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்ல முடியவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் ஒன்றும் உப்புக்கல்லுக்குப் பெறாதவள் இல்லையே. அன்று சாயங்காலமே கணவரிடம் போய், "உங்க அண்ணிக்கு மாடியிலயே போட்டுக் கொடுத்துடுங்க. அவங்களும் அதைத்தான் கேக்காங்க" என்றேன். அவர் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா, "சரி நைனா" என்றாராம். அவ்வளவுதான்.

அடுத்து வந்த நாட்கள் நன்றாக இல்லை. செல்வம் பழைய கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கதவில்லாத கப்போர்டுக்குள் எங்கள் பாத்திரங்கள் எல்லாம் அம்மணமாகத் தெரிந்தன. அக்கா தனக்கு எவை வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப அங்கேயே வைத்தார். நல்ல குக்கரை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கம் தள்ளினேன். எப்போதும் வாய் ஓயாத மனுஷி, "அது", "இது" என்று ஒற்றைச் சொல்லில் பேசினார். நானும் விறைப்பாகவே இருந்தேன். சாத்துவதற்குக் கதவும் இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் செல்வம் பலகைகளோடு வந்து நின்றார். "அந்தத் தனியா டப்பாவக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. ஒசரம் பாக்கணும்" என்றார்.

"எந்த டப்பா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி இந்தம்மா சொல்லிச்சே, தனியா வெக்க எடமே இல்ல, வாங்கியாந்தா அரிசி மூட்ட மேலதான் குந்திகினு கீதுன்னு. பெரிய டப்பா நிக்கிற மாதிரி தட்டு வெக்கச் சொல்லிச்சு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தார். "இன்னா முயிக்கிற? தனியாதான். உன் பாஷையில மல்லி" என்றார்.

எங்கள் ஊரில் கொத்தமல்லி விதைக்கு மல்லி என்றுதான் பெயர். இங்கே தனியா. எத்தனையோ வருடமாக அவர் வாயால் தினமும் கேட்ட சொல். தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு, பயத்தில் அன்று அது வேறு சொல்லாகக் காதில் விழுந்திருக்கிறது. "நீங்க தனியாச் சமைக்கணும்னு கேட்டீங்கன்னுல்லா நெனச்சேன்!" என்றேன்.

"நானா? அடிப்பாவி! நீதான் என்னிய மாடிக்கி ஏத்தி உட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறன்னு நானு அயுதுகினு கீறேன்! ஒருத்திக்கு ஒல வெச்சித் துன்னா அது சோறாமே?" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், பிறகு எது சிரிப்பு எது அழுகை என்று தெரியவில்லை. செல்வம் அளவு டேப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டு, "அப்ப தட்டு வோணுமா, வோணாவா?" என்று கேட்டார்.

மாடி அடுக்களை அத்தோடு போயிற்று. பழைய பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, தொட்டிக்குக் கீழே இருந்ததை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்குக் கதவு மட்டும் புதிதாகப் போட்டோம். முழங்காலுக்காக அக்காவையே கீழ் அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இவ்வளவு சுலபமான வழி ஏன் முதலில் தோன்றவில்லை என்று என் கணவர் இன்றும் கேட்கிறார். மைக்கா நிறத்துக்கு மறுபடி சண்டை வந்தது. எனக்கு வெளிர் மஞ்சள், அவருக்குக் கிளிப்பச்சை. கடைசியில் மேல் கதவெல்லாம் என் நிறம், கீழ்க் கதவெல்லாம் அவர் நிறம். வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு கிடைத்த வருடங்கள்தான் எங்களுடைய நல்ல வருடங்கள். எதையாவது சொல்லத் தயங்கினால், "தனியாவா, மல்லியா? தெளிவா சொல்லு" என்பார். அக்கா இல்லாத இந்த வீட்டில் எனக்கு அக்காவோடு சண்டை போட வேண்டும்போல் இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம். ஒரு காலை நேரம், ஒரு சின்னச் சண்டை, அவ்வளவு போதும்.

அவருடைய சேலைகளைக் கவிதா எடுத்துக்கொண்டாள். நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வியை. இரண்டு பேர் சமைக்கும் அடுப்படியில் ஓயாமல் புழங்கும் கேள்வி அது: "உப்பு போட்டியா?" அவர் என்னைக் கேட்பார், நான் அவரைக் கேட்பேன். ஒருத்தி மட்டும் சமைக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. போட்டவளுக்குத் தெரியாதா, போட்டோமா இல்லையா என்று? இருந்தாலும் குழம்பு கொதிக்கும்போது கரண்டியோடு நின்று, அவருடைய பாஷையிலேயே வாய்விட்டுக் கேட்கிறேன்: "இன்னாமே, உப்பு போட்டியா?" சில நாள், "போட்டேன்க்கா" என்று சொல்லிக்கொள்கிறேன். சில நாள் பதில் வருவதற்காகக் காத்திருந்து, போடாமலேயே இறக்கிவிடுகிறேன். அன்றைக்கெல்லாம் என் கணவர் அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார்.