பூவராகவன் வாத்தியாருக்குக் கிடைத்த பெண் சான்று

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளியில் பூவராகவன் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். நாற்பத்தெட்டு வயது, கன்னத்தைத் தாண்டிய மீசை, கழுத்தில் விசில். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். ஒருமுறை விசில் சாம்பாரில் முங்கி, அதை ஊதிய இடமெல்லாம் இரண்டு நாளைக்குப் பெருங்காயம் மணத்தது.

பதினாறு வருடமாகப் பெண்கள் கபடி அணியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்தது கொஞ்சம்தான். 2006இல் பத்தாம் வகுப்பு பூமிகா ஆட வந்ததும் நிலைமை மாறியது. கிராப்பு வெட்டிய தலை, நல்ல தோள். ரெய்டு போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். தோற்றுப்போன பள்ளிகள், "பையனை இறக்குகிறார்கள்" என்று புகார் எழுதின. போட்டிக் கமிட்டி உடனே ஒரு விதி போட்டது: பெண்கள் அணியில் ஆடுகிறவர்கள் எல்லாரும் பெண் என்று டாக்டர் சான்று கொண்டுவர வேண்டும். கூட வரும் ஆசிரியருக்கும் உடல் தகுதிச் சான்று வேண்டும்.

அதைப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு வாயே வரவில்லை.

"புதுசா ரூல் போட்டுகிறாங்கம்மா. நீங்கல்லாம் பொண்ணுன்னு டாக்டர் எழுதித் தரணுமாம்."

"ஏன் சார், பாத்தா தெரியலயா?" என்றாள் பூமிகா.

"எனக்குத் தெரியுது. கமிட்டிக்குத்தான் கண்ணு தெரியல."

டாக்டர் ஆரோக்கியமேரிக்கு விதியைப் படித்ததும் எரிச்சல். யாரையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டைப் அடிச்சிக்கினு வாங்க, போட்டுத் தரேன்" என்றார். பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் அவர் பெயரையும் சேர்த்து எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் அடுக்கித் தந்தது. பதின்மூன்று தாளிலும் டாக்டர் நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

போட்டியன்று ஊத்துக்கோட்டை மைதானத்தில் கமிட்டி உறுப்பினர் வீரராகவன் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"பூமிகா, ஆண். பூவராகவன், பெண்." மீசையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி மீசையைப் பார்த்தார்.

"சார், அடுத்தடுத்த பேரு. டைப் அடிச்ச பொண்ணு லைன் மாத்திடுச்சி."

"இருக்கலாம். ஆனா கையெழுத்து, சீலு எல்லாம் கரெக்டா இருக்குதே. ரூல்படி பூமிகா ஆட முடியாது. நீங்க ஆடலாம். பதினேழு வயசுக்குள்ள இருக்கணும், அதான் இடிக்குது." சிரிக்காமல்தான் சொன்னார்.

கம்பெனியில் பர்மிஷன் போட்டு, தலையில் பேக்கிங் செக்‌ஷன் தொப்பியோடு வந்திருந்த பூமிகாவின் அம்மா கன்னியம்மா பாய்ந்தாள்.

"பெத்தவ நான் சொல்றேன், பொண்ணுன்னு. பிரசவத்துக்கு நீயா வந்த?"

"வாயால சொன்னா செல்லாதும்மா. பேப்பர் வேணும்."

"பேப்பர்படி பாத்தா இவரு பொம்பள. போறப்போ பஸ்ல லேடீஸ் சீட்ல இவர குந்தவெச்சிட்டு நீ பக்கத்துல நில்லு. பாக்கலாம்!"

வீரராகவன் அதை மனதில் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. முதல்முறையாக முகம் மாறியது. "டாக்டர்கிட்டருந்து ஃபேக்ஸ் வந்தா ஒத்துக்கறேன்" என்றார்.

பூவராகவன் எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். டாக்டர் போனில் கத்தியது சாலைக்கே கேட்டது. கால் மணி நேரத்தில் ஃபேக்ஸ் வந்தது: "மீசை வைத்திருப்பவர் ஆண். மற்ற பன்னிரண்டு பேரும் பெண்கள்." கீழே கையெழுத்து, சீல்.

அதற்குள் முதல் பாதி முடிந்திருந்தது. பூமிகா அவ்வளவு நேரமும் கோட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள் பதினோரு புள்ளி எடுத்தாள்; மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பொன்னேரி அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

தோற்றதை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். அந்தப் பிள்ளையை வெளியே நிற்கவைத்ததுதான் ஆறவில்லை. கமிட்டிக்கு ஏழு பக்கம் எழுதினார். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம், தலைமையாசிரியர் கையெழுத்தே போதும் என்று விதியை மாற்றினார்கள்.

அணிப் பிள்ளைகள் அன்றிலிருந்து அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் விரட்டினார், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். எட்டாம் நாள் யாரோ "மிஸ்!" என்றதும், "இன்னாம்மா?" என்று திரும்பிவிட்டார்.