இரண்டு முறை வாசித்த வாசல்

ஒருவருடைய நினைவுக்குள் இன்னொருவரும் இருந்தால், அதை ஊருக்குச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? காரைக்காலில் ராக் இசைக்குழு நடத்தும் அந்தக் கிதார் கலைஞரைச் சந்திக்கும்வரை நான் இதை யோசித்ததில்லை.

பிடித்த பாடல்களையும் அவற்றின் நினைவுகளையும் பகிரும் எங்கள் உள்ளூர் வானொலி நிகழ்ச்சிக்காக அவரைப் பதிவு செய்தேன். பின்னால் முடிந்த நரைத்த தலைமுடி, கறுப்புச் சட்டை. ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் ஒரு கம்பியை மீட்டி, அது அடங்கிய பிறகே பேசுவார்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு.

“சின்ன வயசுல கேரல்ஸ் பாட வீடு வீடாப் போவோம். ஒரு வாசல்ல மட்டும் அத ரெண்டு தடவ வாசிப்பேன், அந்தப் பொண்ணு கேக்கட்டும்னு. அவங்கப்பா பக்தின்னு நெனச்சு எனக்கு மட்டும் கூட ஒரு துண்டு கேக் குடுப்பாரு!”

சிரித்து முடித்தவர், இம்முறை கம்பியை மீட்டவில்லை. “இத வெட்டிடுங்க ப்ரோ. எந்த வீடுன்னு தெருவுக்கே தெரிஞ்சுடும். அவங்க இதே ஊர்ல புருஷன், புள்ளைங்களோட இருக்காங்க.”

“இதுதாங்க நல்ல பகுதியே!”

“அதனாலதான் வெட்டச் சொல்றேன்.”

வெட்டினேன், பாட்டு மட்டும் ஒலித்தது. அதைக் கேட்ட அந்தப் பெண்மணி, மாதா கோயில் வாசலில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “எங்கப்பாவுக்கு அப்பவே தெரியும். அந்தக் கதையையும் பேரு போடாம ரேடியோவுல சொல்லிக்குங்க.”

இப்போதெல்லாம், நினைவில் வரும் மற்றவரும் சம்மதித்த பிறகே நாங்கள் ஒலிபரப்புகிறோம்.