டாக்டர் சொன்ன சைவமும் அண்ணன் நேர்ந்த கிடாவும்

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாடு எடுத்து வைக்கும் அம்மாளுக்கு, நான் ஹாம்பர்க் வந்து சேர்ந்த நாளிலிருந்தே ஓர் எண்ணம். இந்தியன் என்றால் இலை தழை மட்டும்தான் தின்பான். நான் தட்டை நீட்டி, பொரித்து அடுக்கியிருக்கும் பன்றிக்கறி வூர்ஸ்ட்டைக் கைகாட்டினால் போதும், பதறிப்போய் "நைன், நைன்" என்று, கூடவே கூடாது என்பதுபோல் கையைக் குறுக்கே ஆட்டிவிட்டு வேகவைத்த காலிஃபிளவரை அள்ளி வைப்பார். என் மதத்தைக் காப்பாற்றுகிறாராம். நாங்கள் ஆடு வளர்க்கிற குடும்பம், கறி தின்போம் என்று என் ஓட்டை ஜெர்மனில் விளக்கினேன். வினை அங்கேதான் முற்றியது. பிள்ளைபோல் ஆடு வளர்க்கிறவன் அதைத் தின்பானா என்று அவர் இன்னும் உறுதியாகிவிட்டார். பல வருடம் போராடி ஒருவழியாக அவரை நம்ப வைத்து, என் தட்டில் வூர்ஸ்ட் விழத் தொடங்கியபோது, எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நான் காலிஃபிளவர் கேட்கிறேன். அம்மாள் கண்ணடித்துவிட்டு, காலிஃபிளவருக்கு அடியில் வூர்ஸ்ட்டை ஒளித்து வைத்துத் தருகிறார். யாரோ சொந்தக்காரருக்குப் பயந்துதான் சைவம் கேட்கிறேன் என்று அவருக்கு நினைப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுப்பி, உணவு ஆலோசனை சொல்ல ஒரு சின்னப் பெண் வந்தாள். இனி ஆடு, மாடு, பன்றி எதுவும் வேண்டாம்; பயறு, தானியம், கீரை, காய் என்று சாப்பிட்டால் இந்த இதயம் ரொம்ப நாள் ஓடும் என்றாள். சிறுவயதில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கம்பங்கூழ், சோளச்சோறு, உளுந்தங்களி, அவித்த தட்டைப்பயறு, காட்டுக்கீரை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை அதிசயமாகப் பார்த்தாள். "இவ்வளவு அருமையான திட்டத்தை உங்களுக்கு வகுத்துக் கொடுத்தது யார்?" என்றாள். "மழை," என்றேன். "பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கம்பு." பருவத்துக்கேற்ற உணவு என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டாள். அது பருவமல்ல அம்மா, பஞ்சம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிய கரிசல் ஊர் எங்களுடையது. அப்பா கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பது, அதுகள் போடும் புழுக்கை நிலத்துக்கு உரம். கண் போகிற தூரம் வரை ஆடு நிற்கும். எங்கள் சட்டியில் புளிக்குழம்பு கொதிக்கும். ஆடு எங்களுக்குத் தின்கிற பொருளில்லை. பிள்ளை படிக்க ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கூரை மாற்ற ஒன்று என்று அது சந்தைக்குப் போகிற பொருள். தீபாவளிக்குத்தான் கறி வாசம். அதனால் எங்களைப் பொறுத்தவரை ஒரு மனுசன் முன்னேறிவிட்டான் என்பதற்கு அடையாளம் அவன் வீட்டுக் குழம்பில் மிதக்கிற எலும்புதான். நான் முன்னேறினேன். எப்படி முன்னேறினேன் என்றால், கேன்டீனில் விட்டதையெல்லாம் வெளியே பிடித்து, காலையில் பன்றி, மாலையில் மாடு, இரவில் கோழி என்று முன்னேறினேன். நாங்கள் கம்பிலிருந்து படியேறிக் கறிக்கு வந்தால், இந்த வெள்ளைக்காரர்கள் கறியிலிருந்து படியேறிக் கம்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நடுப்படியில் முட்டிக்கொண்டவன் நான்.

வூர்ஸ்ட்டைத் தட்டிலேயே ஒதுக்கப் பழகி, உடம்பு கொஞ்சம் தேறியதும், பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்று அண்ணன் போனில் ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவுக்குப் பிறகு ஆடுகளை வைத்துக்கொண்டு ஊரிலேயே இருப்பவர் அவர்தான். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் என்னைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "என்னலே இது, காத்தடிச்சா பறந்துருவ போல இருக்க? அங்கன சோறு கீறு போடுதாங்களா இல்லையா?" என்றார். உடம்பைக் குறைத்ததற்கு ஹாம்பர்க்கில் டாக்டர் கைகுலுக்கியிருந்தார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் புரோட்டாக் கடை, சிக்கன் கடை. ஒரு கடைக்காரர் அண்ணனுக்குப் பழக்கம். ஆட்டோவை நிறுத்திக் கையோடு பொட்டலம் கட்டவே தொடங்கிவிட்டார். "இல்ல அண்ணாச்சி, நான் இப்ப சைவம்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன், வெளிநாட்டுல பொழப்பு ஒண்ணும் சரியில்லையோ?" என்று அண்ணனிடம் மெல்லக் கேட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

வீட்டில் மதினி கத்தரிக்காய்க் குழம்பும் கீரைக் கடைசலும் வைத்திருந்தார். மறுநாள் முருங்கைக்காய், அதற்கு மறுநாள் பாசிப்பருப்பு. அண்ணன் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? எலும்பை உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவர் என்னோடு உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் கீரையைப் பிசைந்து சாப்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவர் தொழுவத்துக்குப் போன நேரம் பார்த்து, "எனக்காக நீங்களும் ஏன் மதினி பட்டினி கெடக்கீங்க? அண்ணனுக்குக் கறி எடுத்துக் குடுங்க," என்றேன்.

மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார். "ஒங்களுக்காகத்தான் தம்பி. ஆனா இன்னைக்கு நேத்து இல்ல. ஒங்களுக்கு நெஞ்சுல என்னமோ வச்சிருக்குன்னு போன் வந்துச்சில்லா, அன்னையிலருந்து அவிய கவிச்சி தொடல. முட்டை கூடக் கெடையாது. தொழுவத்துல கருத்த கிடா ஒண்ணு நிக்குல்லா? அது ஒங்க உசுருக்கு நேர்ந்துவிட்டது. கோயில்ல அதை வெட்டிச் சமைச்சு, நீங்க மொதத் துண்டு வாயில வச்சப்புறந்தான் அவிய திங்கணும். அப்படி நேர்ந்துருக்காவ."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெஞ்சில் அடைப்பு வராமலிருக்க நான் கறியை விட்டால், அந்த நெஞ்சு நன்றாக இருக்க அண்ணன் ஒரு கிடாவையே வளர்த்திருக்கிறார். அதை நான் தின்னாவிட்டால் நேர்த்திக்கடன் தீராது. நேர்த்தி தீராவிட்டால் அண்ணன் சாகும்வரை கீரைதான், அதோடு சாமி குத்தம் என்ற பயமும் சேரும். தொழுவத்துக்குப் போய், டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். கிடாவுக்குக் கருவேலங்காய் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி, ஒனக்கு இஷ்டமில்லன்னா விடு. டாக்டர் சொல்லுததக் கேளு. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா, சைவம். பொங்கலும் பழமும்தான் அவருக்குப் படையல். ஆனால் கோயிலுக்கு வெளியே நிற்கும் காவல் சாமிக்குக் கிடா வேண்டும். அதனால் கிடா வெட்டும்போது சாஸ்தாவுக்குத் திரை போட்டுவிடுவார்கள். உத்திரத்தன்று, அந்தத் திரையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பக்கத்தில் வந்தார். "என்னலே யோசிக்க? உள்ள இருக்க அய்யா சைவம், வெளிய நிக்கவன் கறி திங்குதவன். ஒரே கோயில்லதான இருக்காவ? அவியளுக்குள்ள சண்டையா நடக்கு?" என்றார்.

அங்கே இன்னொரு கட்டுப்பாடு உண்டு. சமைத்த கறியைக் கோயில் எல்லைக்குள்ளேயே தின்று தீர்க்க வேண்டும். ஒரு துண்டுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு பங்கு. பந்தியில் நானும் அண்ணனும் அருகருகே உட்கார்ந்தோம். இலையில் சோறும் கறியும் விழுந்தன. இருப்பதில் சின்னத் துண்டாகப் பொறுக்கி வாயில் வைத்தேன். அண்ணன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உள்ளே இறங்கியதும் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். இனி அந்த உறிஞ்சுகிற சத்தம் கேட்கும் என்று நான் காத்திருந்தேன்.

கேட்கவில்லை. இரண்டு மெல்லு மென்றவர் வாயை அப்படியே நிறுத்திவிட்டார். முகம் சுருங்கியது. "என்னண்ணே?" என்றேன். பக்கத்து இலைக்குக் கேட்காதபடி, "ஒரு மாதிரி நாத்தம் அடிக்குலே. கொமட்டுது," என்றார். நேர்த்தியாயிற்றே, துப்ப முடியுமா? தண்ணீரை ஊற்றி மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "ம், முடிஞ்சது. இனி ஒனக்கு ஒண்ணும் வராது," என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரம் தன் இலைக் கறி முழுவதையும் என் இலைக்குத் தள்ளினார். பங்கு மிஞ்சக் கூடாது. நான் என் பங்கைத் தின்றேன், அவர் பங்கையும் தின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ருசியாகவே இருந்தது. அழுகையும் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஹாம்பர்க் திரும்பி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எல்லாம் பிரமாதம், பார்த்தீர்களா பயறும் கீரையும் செய்கிற வேலையை என்று டாக்டர் மார்தட்டிக்கொண்டார். ஆமாம் என்றேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், கிடா வாங்கிக்கிட்ட சாமி சும்மா இருப்பானா என்கிறார் அண்ணன். அவருக்கும் ஆமாம் என்றேன். இருவரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள், நான் யாரோடு போய்த் தர்க்கம் பண்ண?

அண்ணன் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏலே, ஒன் டாக்டர்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. எனக்கு இப்ப கறி வாசம் பட்டாலே ஒமட்டுது. இனிமே திங்காமலே இருந்துட்டா ஒடம்புக்கு ஒண்ணும் ஆயிராதே? இங்கன யாருட்டயும் கேக்க முடியாது. ஆட்டுக்காரன் கறி திங்க மாட்டானாம்னு சிரிப்பாவ," என்றார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே, நல்லதுதான்," என்றேன்.

"அப்ப சரி. ஆனா கோயில்ல என் பங்கு இலையில கெடக்கக் கூடாதுல்லா? வருசா வருசம் உத்திரத்துக்கு நீ வந்துரு. ரெண்டு பங்கையும் நீதான் திங்கணும்."

வாரேன் என்றேன். பிறகு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பயறை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த பங்குனிக்கு டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். விமானத்தில் என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் சைவம் என்று போட்டேன்.