இரண்டாம் அடுக்களையை வரைய மாட்டேன்

உள்ளலங்காரம் என்பது, ஒரு வீட்டில் யார் வாழப்போகிறார்கள் என்பதைத் தவிர மற்ற அனைத்தையும் விசாரித்துவிட்டுத் தொடங்கப்படும் தொழில். திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகளாக நான் இதைத்தான் செய்து வருகிறேன். கட்டடக்கலையில் இரண்டு பட்டங்கள் வாங்கியிருக்கிறேன். சோறு வடிப்பவளுக்குக் காற்று வேண்டும் என்று அவற்றுள் ஒன்றிலும் பாடம் இருக்கவில்லை. இதை வாசிக்கும் நீங்களும் சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெந்தவர்தான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வேகாதவர்களும் வாசிக்கலாம், அவர்களுக்காக வேறு யாரோ வெந்துகொண்டிருக்கிறார்.

பார்க்க ஒன்று, வேக ஒன்று

அப்போது ஒரு பெரிய வடிவமைப்பு நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். பேரூர்க்கடையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கைபேசியில் சேர்த்து வைத்திருந்த அடுக்களைப் படங்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் கடல் கடந்து வந்த படங்கள். வெள்ளைக் கல் மேடை, கண்ணாடிக் குடுவையில் ஒரு கிளை, கிண்ணத்தில் மூன்று எலுமிச்சை. ஒரு படத்திலாவது குக்கர் இல்லை. குக்கர் இருந்தால் விசில் வரும். விசில் வந்தால் அங்கே ஒரு மனுஷி நிற்கிறாள் என்பது தெரிந்துவிடும்.

மீன் எங்கே கழுவுவீர்கள், தேங்காய் எங்கே துருவுவீர்கள் என்று கேட்டேன். அடுக்களைக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்கு என்னை அழைத்துப் போனார். இந்த ஊரில் அதற்கு ‘வொர்க் ஏரியா’ என்று பெயர். முன்னால் இருப்பது விருந்தாளிகளுக்குக் காட்டும் அடுக்களை. அன்றாடச் சமையல் நடப்பது பின்னால் இருக்கும் இந்த இரண்டாம் அடுக்களையில். நான்கு எட்டு வைக்கும் நீளம், சன்னல் இல்லை, சுவரில் கையகலத்துக்கு ஒரு துவாரம். நித்தம் காலையில் அங்கே நிற்கப் போகிறவரும் அந்த அம்மாள்தான். முன்னால் இருக்கும் நல்ல அடுக்களையிலேயே சமைத்தால் என்ன என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வகுப்பில் மந்தமான மாணவிக்கு விளக்குவதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்: “சமைக்கிறதுக்கு யாராச்சும் இத்தனை அழகா அடுக்களை கட்டுவாங்களா மோளே?”

அளந்து குடித்த டீ

இனி இரண்டாம் அடுக்களையை வரைய மாட்டேன் என்று அன்றே நிறுவனத்தில் சொன்னேன். அப்படியானால் எதையும் வரைய வேண்டாம் என்றார்கள். தனியாகத் தொழில் தொடங்கினேன். எங்கள் தொழிலில் புதிய யோசனை தேடி இத்தாலிக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்குத் தம்பானூர் வரைக்கும்தான் பஸ் கிடைத்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் சசி சேட்டனின் டீக்கடை. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான டீ ஆற்றுகிறார். ஓர் அடி நகர்வதில்லை. பால் இடக்கைப் பக்கம், தேயிலை வலக்கைப் பக்கம், கழுவிய தம்ளர்கள் கவிழ்த்தபடி தலைக்கு மேல் கம்பித் தட்டில். அவற்றிலிருந்து சொட்டும் நீர் நேரே தொட்டியில் விழும். சர்க்கரையை அவர் பஞ்சாரை என்பார். அந்தப் பஞ்சாரை டப்பா இடுப்புயரத்தில், கண் பார்க்காமலே கை போய்ச் சேரும் இடத்தில் இருக்கும். கடைக்குப் பின்சுவர் கிடையாது. ஆவி தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். என் இரண்டு பட்டங்களும் அந்தப் பஞ்சாரை டப்பாவின் முன் கைகட்டி நின்றன.

மூன்று நாள் தொடர்ந்து போனேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் அளவுநாடா. தொட்டிக்கும் அடுப்புக்கும் எவ்வளவு, தோளுக்கும் தட்டுக்கும் எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சசி சேட்டன் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்: “மேடம் கார்ப்பரேஷன்ல இருந்தா? கடையை இடிக்கணும்னா நேரே சொல்லணும். இப்படி டீ குடிச்சுக் குடிச்சு அளக்கப்படாது, கேட்டோ.”

சங்கரலிங்கத்தின் சந்தேகம்

கழக்கூட்டத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தைக் கட்டிக்கொண்டிருந்தார் சங்கரலிங்கம். பூர்வீகம் திருநெல்வேலி. சுத்த சைவம், பக்கத்து மேசையில் மீன் வந்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறவர். மாதிரி வீட்டைத் திறந்துகாட்டும் நாளைப் பத்திரிகையில் அறிவித்த பிறகு, அவருடைய வடிவமைப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த அவசரத்தில்தான் என்னை அழைத்தார். அவருடைய வரைபடத்திலும் நாற்பது பளபளக்கும் அடுக்களைகள், அவற்றுக்குப் பின்னால் நாற்பது இருட்டுச் சந்துகள்.

அடுக்களைக்கும் சந்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடலாம், கிழக்கே பெரிய சன்னல் வைக்கலாம் என்றேன். கடல் மேற்கே இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் காற்று அங்கிருந்து வருகிறது. கூடத்துக்குள் நுழையும் காற்று அடுக்களையின் புகையையும் வாரிக்கொண்டு கிழக்கே வெளியேறிவிடும். பிறகு, என் வடிவமைப்புக்கு ஆதாரமான படங்களை அவர் மேசைமேல் பரப்பினேன். சசி சேட்டனின் டீக்கடை ஏழு கோணங்களில். சாலைக் கடைத்தெருவில் ஒரு தையற்காரர் கைக்கெட்டும்படி நூற்கண்டு மாட்டிய ஆணிப்பலகை. பாளையம் சந்தையில் மீன் நறுக்குகிறவளின் கட்டை. முழங்கை வளையாமல் கத்தி இறங்க எவ்வளவு உயரம் வேண்டுமோ, அவ்வளவே அது.

சங்கரலிங்கம் படங்களை நெடுநேரம் பார்த்தார். மீன் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தார். “ஏம்மா, நான் ஃபிளாட்டு விக்கவா, டீ விக்கவா? சரி, மாதிரி வீட்டுல மட்டும் செஞ்சு பாரு. வாரவங்க மூஞ்சியச் சுளிச்சா, மறுநாளே அந்தச் செவத்தக் கட்டிப்புடுவேன். நாப்பது வீட்டுக்கும் அதுதான், பாத்துக்கோ.”

ஞானதாசின் வீட்டுக்காரி

தச்சு வேலைக்குப் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஞானதாஸ் வந்தார். கைத்திறனில் குறை சொல்ல முடியாதவர், வாதத்திலும் அப்படியே. அடுப்பு வைக்கும் மேடையை மூன்றங்குலம் தாழ்த்தச் சொன்னேன். “எக்கா, மேடைன்னா முப்பத்துநாலு அங்குலம். எங்கயும் அதுதான்” என்றார். யார் வைத்த அளவு என்றேன். கேட்டலாக்கில் இருக்கிறது என்றார். கேட்டலாக் தோசை சுடுமா என்றேன். சுடாதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மேடையைத் தாழ்த்தவில்லை.

மறுநாள் அவருடைய மனைவி மெர்சியை அழைத்து வரச் சொன்னேன். நாலே முக்கால் அடி உயரம். முப்பத்துநாலு அங்குல மேடையின் முன் நின்று ஒரு வெறும் தோசைக்கல்லின் மேல் கரண்டியைச் சுழற்றச் சொன்னேன். தோள் காதுவரை ஏறியது. பிறகு மூன்றங்குலம் தாழ ஒரு பலகையைப் பிடித்துக் காட்டினேன். தோள் இறங்கியது. தம் வீட்டு மேடையையும் கேட்டலாக் உயரத்தில் கட்டியவர் ஞானதாஸ்தான். மெர்சி என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தே சொன்னாள்: “இருவது வருசமா குதிகால எக்கித்தான் தோச சுடுதேன். ஒருநாளு கேட்டியளா?”

மூன்று பிளாஸ்டிக் எலுமிச்சை

மாதிரி வீடுகளின் குழாய்களில் தண்ணீர் வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் போதும். தண்ணீரும் சமையல் காஸும் இல்லாமல் கதவைத் திறக்க விடமாட்டேன் என்று நான் அடம்பிடித்து வாங்கினேன். திறப்புக்கு முதல் நாள், விற்பனை மேலாளர் நிகில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று பிளாஸ்டிக் எலுமிச்சைகளோடு வந்தான். கவிழ்த்த பாத்திரத் தட்டை மறைக்க வேண்டும், குக்கரை எடுத்துவிட வேண்டும், கைதுடைக்கும் துணி கண்ணில் படக்கூடாது என்று பட்டியல் படித்தான். எலுமிச்சைகளை அவன் தோள்பைக்குள் போட்டேன்.

நாளை இங்கே மெர்சி சாளை மீன் பொரிப்பாள் என்றேன். நிகிலின் முகம் வெளிறியது. முதலாளி சைவம் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டான். தெரியும், அதனால்தான் சாளை என்றேன்; அப்பளம் பொரித்தால் எந்தச் சன்னலும் தேர்ச்சி பெற்றுவிடும். அவன் இறங்கிவந்தான். கெஞ்சினான்: “மேடம், ஃபிஷ் வேண்டா. வேணும்னா ஞான் பிளாஸ்டிக் ஃபிஷ் கொண்டுவராம்.”

நான் எங்கே நிற்பது?

திறப்பு நாளன்று ஆண்கள் கூடத்தில் நின்று கார் நிறுத்துமிடத்தைப் பற்றி விசாரித்தார்கள். பெண்கள் அடுக்களைக்கு வந்தார்கள். ஒருத்தி தாழ்ந்த மேடையில் கையூன்றி நின்று பார்த்தாள். இன்னொருத்தி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்ததும் திடுக்கிட்டு மூடினாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நால்வர், இரண்டாம் அடுக்களை இல்லாத வீடு தரித்திரம் என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள். படியில் இறங்கும்போது அதை நிகிலிடமும் சொன்னார்கள். அவன் குறித்துக்கொண்டான்.

பிறகு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் மாமியாருடன் வந்தாள். மாமியார் அடுக்களையை இரண்டு முறை சுற்றினார், பின்கதவைத் தேடுவதைப் போல. வொர்க் ஏரியா எங்கே என்றார். இல்லை, இதுதான் அடுக்களை, இங்கேதான் சமைக்க வேண்டும் என்றேன். அவருடைய அடுத்த கேள்விக்கு என்னிடம் அளவுநாடா இல்லை. “அப்போ வீட்டுக்கு ஆளு வந்தா, நான் எங்கே போய் நிக்கணும்?”

கூடத்தில் அமர்ந்திருந்தவர்

மூன்று மணிக்கு மேற்குக் காற்று எழுந்ததும் மெர்சியை அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன். வாங்கி வைத்திருந்தது மூன்று கிலோ சாளை. கழுவி, மசாலா தடவி, கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஓர் அடி நகராமல் பொரித்தாள். புகை சன்னலுக்கு வெளியே கிழக்கு நோக்கிக் கிளம்பியது. நான் அந்தப் புகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காற்று ஐந்து நிமிடம் படுத்தால் போதும், நாற்பது சன்னல்கள் போய்விடும்.

சங்கரலிங்கம் எப்போது வந்து கூடத்தில் அமர்ந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. வாயிற்பக்கம் நிகில் எனக்குச் செய்த கைச்சாடைகள் எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். அரைமணி நேரம் மின்தூக்கியைப் பற்றி யாரிடமோ பேசிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு அவரே அடுக்களைக்குள் வந்தார். வாணலியைப் பார்த்தார். மெர்சியைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கூடத்தில் அதே நாற்காலியில் அமர்ந்து காற்றை மோந்து பார்த்தார். எழுந்து வந்தார், மறுபடி போனார். மூன்றாம் முறை அடுக்களை வாசலிலேயே நின்று, வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “எவ்வளவு நேரமா இந்தக் கூத்து நடக்கு?”

அரைமணி நேரமாக என்றேன். அவர் சன்னலையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிகில் தன் குறிப்பேட்டைப் பிரித்து, தரித்திரம் என்று சொன்ன நால்வரைப் பற்றித் தொடங்கினான். சங்கரலிங்கம் கையமர்த்தினார். “செவரு வேணாம்னு சொல்லு. அந்தம்மாவ மொதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லு.”

ஐரோப்பாவுக்குப் போன டப்பா

நாற்பது வீடுகளுக்கும் சன்னல் வந்தது. கூடவே விளம்பரத் தாளும் வந்தது. என் அடுக்களையின் படம். அதன் கீழே ‘ஐரோப்பிய பாணித் திறந்த அடுக்களை’. அந்தச் சொல்லை நீக்கும்வரை மீதி வரைபடங்களைத் தர மாட்டேன் என்று சங்கரலிங்கத்துக்குச் சொன்னேன். தம்பானூர் டீக்கடை என்று போட்டால் எவன் வாங்குவான் என்றார். டீ குடிக்கிறவன் என்றேன். ஒரு வாரம் வரைபடங்கள் என் மேசையிலேயே கிடந்தன. அடுத்த அச்சில் ‘ஐரோப்பிய பாணி’ காணாமற்போனது. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. தமக்குத் தோற்றுப்போவதில் ஆட்சேபணை இல்லை, அதை அச்சிடுவதில்தான் ஆட்சேபணை என்பதை அந்த வெற்றிடத்தால் தெரிவித்தார்.

முதல் அச்சுத் தாள்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சசி சேட்டனிடம் போனேன். படத்தைக் கையில் வாங்காமல், ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். தலைக்கு மேல் பாத்திரங்கள் கவிழ்த்த தட்டைப் பார்த்தார், கீழே தொட்டியைப் பார்த்தார், இடுப்புயரப் பலகையைப் பார்த்தார். கீழே இருந்த எழுத்துகளை வாசித்துச் சொல்லச் சொன்னார். வாசித்தேன். அவர் கை தானாகப் பக்கவாட்டில் போய் டப்பாவைத் தொட்டு, அது அங்கேயே இருப்பதை உறுதி செய்துகொண்டது. “எந்தா மேடம், என் பஞ்சாரை டப்பா எப்போ ஐரோப்பாவுக்குப் போச்சு?”

ஆக, இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் கற்றது இவ்வளவே: ஒரு சுவரை இடிக்க ஒரு சுத்தியல் போதும், அது அங்கே தேவையில்லை என்று ஒப்புக்கொள்ள வைக்கத்தான் மூன்று கிலோ சாளை வேண்டியிருக்கிறது.