தவராசா அண்ணை நகர்த்தாத தடி

தவராசா அண்ணை இறந்த செய்தி எனக்கு ஒரு பொய்யோடு சேர்ந்தே வந்தது. விமான நிலையத்தில் காலை ஷிப்ட் முடித்து கைபேசியை எடுத்தேன். அவருடைய மகள் சுகன்யா பலமுறை அழைத்திருந்தாள். அதற்குக் கீழே, எங்கள் பழைய கல்லூரி அணியின் வாட்ஸ்அப் குழுவில், அன்று பயிற்சியாளராக இருந்த கிரெக் எழுதியிருந்தார்: "நமக்கு அந்த சீசனை வாங்கித் தந்த மனிதர் போய்விட்டார். சொர்க்கத்து வாசலையும் ஒரு அங்குலம் நகர்த்தித்தான் உள்ளே போயிருப்பார்." அதன் கீழே சிரிப்பு முகங்களும் அழுகை முகங்களும் வரிசையாக இருந்தன. உடை மாற்றும் அறையின் வாங்கில் உட்கார்ந்து முதலில் கோபப்பட்டேன். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் லண்டன் ஹவுன்ஸ்லோக்காரர் பலருக்கு அண்ணையைக் கோயில் அன்னதானத்தில் பார்த்த பழக்கம் இருக்கும். சபைத் தலைவருக்கும் ஒரு அகப்பை, வாசலில் செருப்புப் பார்ப்பவருக்கும் ஒரு அகப்பை. கூடக் கேட்டால், "எல்லாரும் சாப்பிட்ட பிறகு வாங்கோ" என்பார். அதற்காக அவரை விரும்பியவர்களைவிடத் திட்டியவர்களே அதிகம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். அந்தக் கை கடைசிவரை மாறவில்லை.

2008-09இல் அவர் எங்கள் வீட்டு மேல்மாடியின் சின்ன அறையில் வாடகைக்கு இருந்தார். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. "வேலை செய்யவும் விடமாட்டினம், திருப்பி அனுப்பவும் மாட்டினம். என்ன கோதாரிக்கு என்னை வச்சிருக்கினம்?" என்று என் அம்மாவிடம் கேட்பார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

நான் அப்போது ஒரு சிறிய கல்லூரியில் படித்தேன். அங்கே அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று இருந்தது. லண்டனில் அதுவா என்று சிரிக்காதீர்கள். நாங்களே சிரித்துக்கொண்டுதான் விளையாடினோம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை முட்டி விழுத்துவதும்தான் ஆட்டம். மற்றக் கல்லூரிகள் பேருந்து நிறைய ஆட்களோடு வரும். எங்களிடம் களத்தில் இறக்கவே ஆட்கள் மட்டுமட்டு. சீசன் தொடங்கமுன் எனக்கு முழங்கால் பிசகியது. கிரெக் என்னைச் சங்கிலி பிடிக்கப் போட்டார்.

சங்கிலி என்றால் இதுதான்: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார், அதாவது பத்துக் கெஜம், முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அந்தப் பத்து யாரைக் காட்ட, களத்தின் ஓரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு தடியோடு நிற்பார்கள். தடிகளுக்கு நடுவில் பத்து யார் சங்கிலி. சொந்தக் களத்தில் ஆடும் அணிதான் அதற்கு ஆள் கொடுக்க வேண்டும். எங்களிடம் ஆள் ஏது? அறையில் சும்மா கிடந்த அண்ணையை இழுத்துக்கொண்டு போனேன். பின்தடி எனக்கு, முன்தடி அவருக்கு. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் அப்பாவின் கோட்டையும் போட்டுக்கொண்டு, மூக்கு வடிய வடிய நிற்பார்.

"எனக்கு உந்த விளையாட்டு விளங்காது, தம்பி. பத்து யார் விளங்கும்" என்றார் முதல் நாளே. உண்மையில் கடைசிவரை அவருக்கு ஆட்டம் விளங்கவில்லை. யார் வெல்கிறார்கள் என்று என்னைத்தான் கேட்பார். ஒருநாள் எங்கள் அணி ஒரு சாண் குறைவாக விழுந்தது. நடுவர் வாய் திறக்கமுன் இவர் கையை ஆட்டி "காணாது, காணாது, பத்து யார் வரேல்லை" என்றுவிட்டார். எங்கள் பெடியள் முறைத்தார்கள்.

"எங்கட ஆக்கள்தானே அண்ணை, பேசாமல் நிண்டிருக்கலாமே" என்றேன்.

"சங்கக்கடையிலயும் உப்பிடித்தான் கேட்டவை, எங்கட ஆக்கள்தானே எண்டு. அப்ப மற்ற ஆக்களுக்கு ஆர் நிறுக்கிறது?"

அந்த மாரியில்தான் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து அவருடைய அகதி வழக்கின் முடிவு வந்தது. ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் தனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தார். அவர் சொன்னது நம்பத்தக்கதல்ல என்று தள்ளிவிட்டார்கள். நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன். கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "பொய் சொல்லியிருந்தால் இதைவிட நல்லாச் சொல்லியிருப்பன்."

எங்கள் அணியோ ஒவ்வொரு ஆட்டமாக வென்றுகொண்டே போனது. கடைசி ஆட்டம் வந்தபோது வசந்தம். அந்த வசந்தம் எங்களுக்கு எப்படியிருந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. சனமெல்லாம் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றது. அண்ணையின் மனைவியும் மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள், தொடர்பே இல்லை. கத்திக் கத்தி அவருடைய தொண்டை அடைத்துப் போயிருந்தது. "நீங்கள் வரவேண்டாம் அண்ணை, வேற ஆளைப் பாக்கிறன்" என்றேன். "வீட்டை இருந்தால் போனையே பாத்துக்கொண்டு இருப்பன். வாறன்" என்றார், காற்றுப் போன குரலில்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் கொஞ்சம் முன்னால் நின்றோம். பந்து அவர்களிடம். மூன்றாவது முயற்சியில் மலைபோல இரண்டு பேர் உருண்டு வந்து ஓரத்தில் விழ, அண்ணை தடியையும் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். பிறகு வந்து ஊன்றினார். அதை எல்லோரும் பார்த்தார்கள். நான்காவது முயற்சியில் பந்து விழுந்த இடம் பத்து யார்தானா என்று தெரியவில்லை. நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் களத்துக்குள் கொண்டு ஓடினோம். இழுத்துப் பார்த்தபோது பந்தின் மூக்கு தடிக்கு ஒரு அங்குலம் பின்னால் நின்றது. பந்து எங்களுக்கு வந்தது, வெற்றியும் வந்தது. ஒரு தோல்விகூட இல்லாத சீசன்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். சங்கிலியில், புல்லில் கீறிய வெள்ளைக் கோடு ஒன்றுக்கு நேராக, ஒரு கிளிப் மாட்டியிருக்கும். அளக்கும்போது நடுவர் தன் கையால் அந்தக் கிளிப்பை அதே கோட்டில் வைத்த பிறகுதான் சங்கிலியை இழுப்பார்கள். ஓரத்தில் தடி எங்கே நின்றது என்பது கணக்கிலேயே இல்லை. அண்ணை தடியை வீதிக்கே கொண்டுபோய் ஊன்றியிருந்தாலும் அந்த அங்குலம் மாறியிருக்காது. எதிரணிப் பயிற்சியாளர் முதலில் கத்திக்கொண்டுதான் வந்தார். கிளிப்பைப் பார்த்ததும் அடங்கி, அண்ணையின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். தோற்றவன் நம்பினான்.

நம்பாதவர்கள் எங்கள் ஆட்கள்தான். அவரைத் தோளில் தூக்கினார்கள். "ஒரு அங்குலம், ஒரு அங்குலம்" என்று பாடினார்கள். கிரெக் கட்டிப்பிடித்துக் கண்ணடித்தார். தோளிலிருந்தபடியே அண்ணை, "நான் நகர்த்தேல்லை, நான் நகர்த்தேல்லை" என்றார். தொண்டையிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு குரல் வந்து சொன்னபோது அதைத் தன்னடக்கம் என்றார்கள். திட்டியவனோடு சண்டை பிடிக்கலாம். அன்பாகப் பொய் சொல்பவனை என்ன செய்வது?

மனைவியும் மகளும் உயிரோடு முகாமுக்கு வந்துசேர்ந்த செய்தி பிறகு கிடைத்தது. மேன்முறையீட்டுக்கு நாளும் குறித்தார்கள். கிரெக் எங்கள் வீட்டுக்கே வந்தார். "நான் வந்து சாட்சி சொல்கிறேன். இவரைப்போல நேர்மையானவரைப் பார்த்ததில்லை என்று சொல்கிறேன். எங்களுக்குச் செய்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?" சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணடித்தார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "நான் தடியை நகர்த்தேல்லை எண்டு இவர் நம்புறாரோ எண்டு கேள்."

கேட்டேன். "நம்புகிறேன், நம்புகிறேன்" என்று கிரெக் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"வேண்டாம் எண்டு சொல்லு."

அவர் போனதும் நான் அண்ணையோடு சண்டை பிடித்தேன். "மனுசியும் பிள்ளையும் முகாமில இருக்கினம். ஒரு வெள்ளைக்காரன் வந்து உங்களை நல்லவன் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

"குரோய்டனில இருக்கிறவை நான் பொய்யன் எண்டு சொல்லினம். இவனும் என்னைப் பொய்யன் எண்டுதான் நினைக்கிறான். நினைச்சுக்கொண்டே வந்து உண்மையானவன் எண்டு சத்தியம் செய்யப்போறான். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்க என்னெண்டு இருக்கிறது? எனக்கு ஏலாது, தம்பி."

வழக்குத் தோற்றது. கிரெக் வந்திருந்தால் வென்றிருக்குமா? தெரியாது. அந்தத் தெரியாமைதான் இன்றுவரை என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அவருக்கு விசா கிடைக்கவும் குடும்பம் வரவும் எத்தனையோ வருடங்கள் ஆயின. தூக்கி வைத்திருந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர். ஹீத்ரோவில் வந்திறங்கிய சுகன்யா தகப்பனைவிட உயரமாக இருந்தாள். முதல் நாள் அவரைப் பார்த்து "ஹலோ" என்றாள்.

செத்தவீட்டில் கிரெக் பழைய அணிச் சட்டையோடு வந்து ஒலிபெருக்கியை வாங்கினார். அங்குலக் கதையைச் சொன்னார். சனம் சிரித்தது, எங்கள் சனமும் சேர்ந்துதான். அழுதுகொண்டிருந்த சுகன்யாவும் சிரித்தாள். அடுத்த கிழமை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு நீங்கள் எழுதுங்கோ. அந்த ஃபுட்பால் கதையைக் கட்டாயம் போடுங்கோ. அப்பா ஒரு ஆளுக்காகவாவது வளைஞ்சு குடுத்தவர் எண்டு இப்பதான் கேள்விப்படுறன்."

அவளுக்கு நான் கிளிப்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். அப்பா பிறகு ஏன் கிரெக்கைச் சந்திக்கவே இல்லை என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"நானும் அம்மாவும் முள்ளுக்கம்பிக்குள்ள இருந்தனாங்கள். ஒரு ஆள் கண்ணடிச்சதுக்காகவோ அண்ணா?" பிறகு எழுந்து கோட்டைப் போட்டாள். "உண்மையையே எழுதுங்கோ. ஆனால் நான் வாசிக்கமாட்டன்."

ஆகவே, சுகன்யா, நீ வாசிக்காத இந்தப் பக்கத்தில்தான் எழுதுகிறேன். உன் கோபம் நியாயமானது, எனக்கும் அவர்மேல் அது இருக்கிறது. அவருடைய பிடிவாதத்தை நான் புகழவரவில்லை. அந்த அணி எப்போதோ கலைந்துவிட்டது, அன்று வாங்கிய கிண்ணம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சாட்சியம் மட்டும்தான். அவர் உயிரோடிருந்தபோது அதைச் சொல்ல ஒரு மன்றமும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இப்போது சொல்கிறேன். சங்கிலியின் மற்ற முனையில் நின்றது நான். அவர் நகர்த்தவில்லை.