அண்ணா போட்ட இருபத்தேழு கோடுகள்

கார்த்திகை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். மேற்குத் தாம்பரத்தில் இரவு முழுதும் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. அப்போதுதான் எங்கள் அண்ணா எங்களைப் பிரிந்தார். ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவரே வரைந்த அவர் முகம் இருக்க வேண்டும் என்பது அண்ணியாரின் ஒரே விருப்பம்.

அண்ணா பம்மலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. ஆறு பிள்ளைகளில் அண்ணா மூத்தவர், நான் நான்காமவன். பத்தாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டு எங்களைப் படிக்க வைத்தார். பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் மின்சார ரயிலில் நகரத்துக்குப் போய், ஒரு வாரப் பத்திரிகைக்கு அரசியல் கேலிச்சித்திரம் வரைந்தார். யாரிடமும் கைநீட்டியதில்லை, யாருக்கும் பயந்ததுமில்லை.

ஒருமுறை, அவர் வரைந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இன்னா சார், என் தொப்பய இம்மாம் பெர்சா போட்டுகினு கீற? வூட்ல சிரிக்கிறாங்க!”

“தொப்பைக்கு நான் நிப்பை அழுத்தவே இல்லையே தலைவரே. லேசா ஒரு கோடு. கையைப் பாருங்க, அங்கதான் அழுத்தியிருக்கேன்.”

படத்தில் அவர் கை ஏரிக்கரைமேல் விரிந்திருந்தது. விரல்கள் தடித்த கருங்கோடுகள். பார்த்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த எனக்கு இரண்டும் மைக்கோடாகத்தான் தெரிந்தன.

கடைசி எட்டு மாதம் அண்ணாவின் கை நடுங்கியது. அந்தக் கையால்தான் தம் முகத்தை வரைந்தார். கன்னக் கோடு நடுங்கியபடியே இறங்கும். புருவம் மட்டும் ஒரே இழுப்பு, அழுத்தமாக. மொத்தம் இருபத்தேழு கோடுகள்.

அச்சகத்தார் முந்நூறு பிரதிகளைச் சந்தோஷமாகக் கொண்டுவந்தார்.

“கோடெல்லாம் ஆடிகினு இருந்துச்சு சார். கம்ப்யூட்டர்ல போட்டு ஒரே சைஸா, நீட்டா பண்ணிட்டேன். இதுக்குத் தனியா காசு வேணாம்.”

எண்ணினேன். இருபத்தேழு. மூக்கும் அதன் இடத்தில் இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அண்ணியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “யாரு தம்பி இது?”

“அண்ணாதான் அண்ணி. எல்லாக் கோடும் இருக்கே.”

“கோடு இருக்கு. அவரைக் காணோமே.”

எல்லாம் இருக்கும்போது எது போயிற்று? எனக்கு விளங்கவில்லை. ஆனால் நாற்பத்தாறு ஆண்டுகள் அந்த முகத்தோடு வாழ்ந்தவர் சொல்கிறார். முந்நூறையும் திருப்பி அனுப்பி, நடுக்கத்தோடு அப்படியே அச்சிடச் சொன்னேன். உங்கள் கையில் இருப்பது அதுதான். இதிலும் இருபத்தேழுதான். அண்ணியார் இதைப் பார்த்ததும், “ம், வந்துட்டாரு” என்று முந்தானையால் அட்டையைத் துடைத்தார். என்ன வித்தியாசம் என்று விளங்கியவர்கள் எனக்குச் சொன்னால் நல்லது.

அன்று முழங்கால் தண்ணீரில் அண்ணாவைச் சுமந்த தெரு நண்பர்களுக்கும், பதினாறு நாளும் சாப்பாடு கொடுத்தனுப்பிய எதிர் வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் மறுபடி அச்சிட்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரண்டு அச்சுக்கும் சேர்த்து எனக்கு ஆனது பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.