மினி பஸ்ஸுக்குத் தங்க இறக்கை

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு அட்டைப் பெட்டி நிற்கிறது. ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்த உயரம் இருக்கும். முன்பக்கத்தில் சிவப்பு ரோபோ ஒன்று ஆனைக்குட்டம் அணையின் மதகு மேல் காலை அகட்டி நின்றுகொண்டு, முதுகிலிருந்து இரண்டு தங்க இறக்கைகளை விரித்திருக்கிறது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது அந்த இறக்கைகள் எதிர்ச் சுவரில் மஞ்சள் வெளிச்சத்தை எறியும். மகள் அதைப் பிடிக்கக் கையை வைப்பாள். "உள்ள ரோபோ இருக்காப்பா?" என்று கேட்பாள். மகன் ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறித் திறந்து பார்த்துவிட்டு, "ஏமாத்து! வெறும் பெட்டி!" என்று கத்தினான். அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அவர்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் சந்தோஷம்தான்.

நான் பத்தாவதோடு நின்றவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பஞ்சிங் மெஷினில் வேலை. அச்சாகி வரும் அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் கோடு அழுத்திக் கொடுப்பேன். அதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைந்தவர் என் மனைவியின் தம்பி. பிள்ளைகளுக்குத் தாய்மாமா. நானும் இங்கே மாமா என்றே எழுதுகிறேன்.

மாமாவுக்கு ரோபோ பொம்மை என்றால் உயிர். கார் ரோபோவாகும், விமானம் ரோபோவாகும், சிங்கம் ரோபோவாகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். ஆமத்தூரில் அவருடைய வீட்டில் அந்த அலமாரிக்கு முன்னால் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நிற்பார். "கல்யாணம் கட்டுற வயசுல பொம்மைக்குத் தூசி தட்டுதான் எம் பிள்ள," என்று அவருடைய அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். மாமா சிரித்துக்கொண்டே தூசி தட்டுவார். அவரைப் போன்ற பெரியவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். விருதுநகரில் ஒரு பல் டாக்டர், ராஜபாளையத்தில் மில் சூப்பர்வைசர், கோவில்பட்டியில் மொபைல் கடைக்காரர், கொழும்பில் ஒருவர். யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் ஒரு பொம்மையின் முட்டி மடங்குவதைப் பற்றி நாள் பூராவும் பேசுவார்கள்.

அந்தக் குரூப்பில்தான் மாமா தன் ரோபோவை முதன்முதலில் காட்டினார். ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் மினி பஸ்தான் அது. படிக்கட்டு கையாக நீளும். முன்கண்ணாடி நெஞ்சாகும். பின்னால் இருக்கிற ஏணி முதுகெலும்பாகும். நெற்றியில் ஊர்ப் பலகை. அசல் பஸ்ஸின் இடது பக்கத்தில் ஒரு நசுங்கல் உண்டு. அதையும் விடாமல் தோளில் வைத்திருந்தார். மதுரையில் ஒரு மெஷினில் பிளாஸ்டிக் நூலை உருக்கி அடுக்கடுக்காக வைத்து மாதிரி ஒன்று செய்து வாங்கி, கையாலேயே சிவப்பு பூசினார். அதை எங்கள் சாப்பாட்டு வேளையில் மெஷின் மேசை மேல் ஓட்டிக் காட்டியபோது, பைண்டிங் பெண்கள் பாதிச் சோற்றோடு எழுந்து வந்து பார்த்தார்கள். "அண்ணே, கண்டக்டர் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "அவரு டீக்குடிக்க இறங்கிட்டாரு," என்றார் மாமா. அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போது நினைத்தாலும் காதில் கேட்கிறது.

மாதிரி ஒன்று செய்வது வேறு, நூற்றுக்கணக்கில் செய்வது வேறு. அதற்குப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுகிற இரும்பு அச்சு, மோல்டு என்பார்கள், அது வேண்டும். அந்தச் செலவு ஒரு ஆளால் முடியாது. ஆகவே பிடித்தவர்கள் முன்கூட்டியே ஆளுக்குக் கொஞ்சம் போடுவது, சேர்ந்த பணத்தில் மோல்டு அடிப்பது, பொம்மை வந்ததும் போட்டவர்களுக்கு அனுப்புவது என்று மாமா ஒரு யோசனை வைத்தார். "கோயில் பொங்கலுக்குத் தெருவுல வரி போடுறோம்ல அத்தான், அது மாதிரிதான்," என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குரூப்பிலும் இதையே சொன்னதும் டாக்டர் உடனே பதில் போட்டார். "வரி போட்டா சாமி ஊர்வலம் வரும்னு தெரியும். உங்க பஸ்ஸு எப்ப வரும்?" டாக்டர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முன்பு வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதே மாதிரி பணம் வாங்கிக்கொண்டு, பொம்மையும் அனுப்பாமல் பதிலும் சொல்லாமல் போய்விட்டாராம். கண்ணால் பார்க்காத பொம்மைக்குப் பணம் போடுவதில்லை என்பது டாக்டரின் கட்சி. நாம் போடாவிட்டால் நம் ஊர் மினி பஸ்ஸை எந்தப் பெரிய கம்பெனி ரோபோவாகச் செய்யும் என்பது ராஜபாளையத்துக்காரரின் கட்சி. மாமா இரண்டு கட்சிக்கும் நடுவில் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பெட்டி வந்தது. எங்கள் ஊரில் சரக்கு பிறகு, பெட்டி முதலில். பட்டாசுக்கு மருந்து அடைப்பதற்குப் பல மாதம் முந்தியே லேபிளும் பெட்டியும் தயாராகிவிடும். பெட்டி வந்துவிட்டால் பொருளே வந்த மாதிரிதான் எங்களுக்கு. அந்த சீசனில் ஒரு பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தங்க ஃபாயில் ஒட்டுகிற வேலை. அட்டைத் தாளின் ஓரத்தில் வெறுமனே கழிவாகப் போகிற இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாமா முதலாளியிடம் போய்த் தயங்கி நின்றார். "ஏலே, கழிவுக்குப் போற இடந்தான, போட்டுக்கோலே," என்றார் முதலாளி. அந்த ஓரத்தில்தான் ரோபோவின் பெட்டியைப் போட்டார்கள். தாள் பூராவும் தங்கம் ஓடுகிறது. ரோபோவுக்கும் கொஞ்சம் தங்கம் சும்மாவே கிடைக்கும். கிடைத்த தங்கத்தை எங்கே வைப்பது? மாமா இறக்கை வரைந்துவிட்டார்.

என் மெஷினில்தான் அந்தப் பெட்டிகள் வெட்டுப்பட்டன. முதல் பெட்டியை மடித்து நிறுத்தியதும் மாமா அதைத் தூக்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "பறக்கிற மாதிரியே இருக்குல்ல அத்தான்?" என்றார். இருந்தது. படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்துப் பணம் வந்துகொண்டே இருந்தது. அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையில் குரூப்காரர்கள் கூடினார்கள். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய்ப் பரோட்டா வாசனைக்கு நடுவில் பெரிய ஆட்கள் ஆறேழு பேர் ஆளுக்கொரு பொம்மையைப் பையிலிருந்து எடுத்து வைத்ததைப் பார்த்து, சால்னா ஊற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் கையைக் கழுவி, துடைத்து, அதற்குப் பிறகுதான் பெட்டியை வாங்கினார். அவர் எதிர்க்கட்சிதான் என்றாலும் இதைச் சொல்ல வேண்டும். மாதிரியை எடுத்து பஸ்ஸை ரோபோவாக்கினார். மறுபடி பஸ்ஸாக்கினார். கதவு டக்கென்று மூடிக்கொண்ட சத்தத்தில் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகமானது. "பிரமாதங்க," என்றார். பிறகு முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"இறக்கை எங்கங்க?"

"இறக்கை படத்துல மட்டுந்தாங்க," என்றார் மாமா. சால்னாவில் காரம் போதுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கோவில்பட்டிக்காரர் பரோட்டாவைப் பிய்த்த கையை இலையிலேயே வைத்துவிட்டார். "அண்ணே, நான் அந்த இறக்கைக்குத்தாண்ணே பணம் போட்டேன்."

மாமாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "எங்க ஊர்ல புஸ்வாணம் பெட்டியில மயில் போடுவோம்ங்க. வாங்குறவுக மயிலையா தேடுதாக?"

"அப்பிடிக் கேளுங்க!" என்று ராஜபாளையத்துக்காரர் மேசையைத் தட்டினார். "பெரிய கம்பெனிக்காரன் பெட்டியில எரிமலை போடுதான். நீரு என்னைக்காச்சும் எரிமலை வரலைன்னு சண்டைக்குப் போனீரா டாக்டரே?"

டாக்டர் கோபப்படவில்லை. "எரிமலை பின்னாடி நிக்கிது. இறக்கை முதுகுல நிக்கிது. பின்னாடி நிக்கிறது அலங்காரங்க. உடம்புல ஒட்டியிருக்கிறது வாக்கு. அதோட, புஸ்வாணம் எரிஞ்சா முடிஞ்சு போச்சு, மயிலை மறந்துருவோம். இது காலத்துக்கும் அலமாரியில நிக்கும். தினமும் பாப்போம். தினமும் இறக்கை எங்கன்னு தோணும்." பெட்டியை மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். "பெட்டியை மாத்துங்க. உள்ள இருக்கிறதை மட்டும் வெளிய போடுங்க. நானே மொத ஆளா போடுதேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் மாமா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கு வந்தபோது, "அவரு சொல்றது சரிதான் அத்தான்," என்றார்.

குரூப் அதோடு இரண்டாக உடைந்தது. ஏமாற்று வேலை என்று சிலர் எழுதினார்கள். இறக்கை இல்லாவிட்டால் பஸ் நல்லா இல்லையா என்று சிலர் எழுதினார்கள். கொழும்புக்காரர் மட்டும், "அந்த பஸ்ஸைப் பார்த்தால் எனக்கு எங்கட ஊர் பஸ் ஞாபகம் வருது, எனக்கு இறக்கை வேண்டாம்," என்று எழுதினார். மாமா இரண்டு வழியும் முயன்று பார்த்தார். இறக்கையையே செய்துவிடலாமா என்று கோயம்புத்தூரில் மோல்டு அடிக்கிறவரிடம் கேட்டார். இறக்கை வைத்தால் ரோபோ மறுபடி மடங்கி பஸ்ஸாக மூடாது என்று அவர் சொல்லிவிட்டார். இறக்கை இல்லாத பெட்டி ஒன்றும் வரைந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல படம், சுத்தமான படம். "இதுல பஸ்ஸு நிக்குது அத்தான். பொறப்படலை," என்றார். அதைக் குரூப்பில் போடவே இல்லை. இறக்கைக்காகப் போட்டவர்களுக்கு மட்டும் பணத்தைத் திருப்பினால் போதும் என்று ராஜபாளையத்துக்காரர் எவ்வளவோ சொன்னார். மாமா எல்லாருக்கும் திருப்பிவிட்டார். "ஒரு ஆளு மனசுல ஏமாத்துன்னு இருந்தாலும் அந்த பஸ்ஸுல யாரும் ஏற மாட்டாகண்ணே," என்று அவரிடம் போனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

வெட்டி வைத்த பெட்டிகள் என்ன ஆயின என்பதுதான் வேடிக்கை. நல்ல அட்டை, நல்ல தங்கம், வீணாகப் போகக் கூடாது என்று முதலாளி ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவர்கள் அதில் சங்குசக்கரம் அடைத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு ஆமத்தூரில் ஒரு கடை வாசலில் நானும் மாமாவும் நின்றிருந்தோம். ஒரு குட்டிப் பிள்ளை மாமாவின் ரோபோவைக் காட்டி அடம்பிடித்து வாங்கியது. அங்கேயே திறந்தது. உள்ளே சங்குசக்கரம். "ஐ, சக்கரம்!" என்று குதித்துக்கொண்டு ஓடியது. இறக்கையையும் தேடவில்லை, ரோபோவையும் தேடவில்லை. மாமா அந்தப் பிள்ளை தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "பாத்தீகளா?" என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அந்த மோல்டு பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் வாளிக் கைப்பிடிக்கும் பாட்டில் மூடிக்கும் மோல்டு அடிக்கிறார்களாம். போன் பண்ணினால், "சாப்பிட்டீகளா, பிள்ளைக நல்லாருக்காகளா?" என்பார். ரோபோ பேச்சை எடுத்தால், "ம், பாப்போம் அத்தான்," என்று முடித்துவிடுவார். கண்ணாடி அலமாரி ஆமத்தூரில் அப்படியே இருக்கிறது. இப்போது அவருடைய அம்மாதான் தூசி தட்டுகிறார்கள். எந்தப் பொம்மை எந்தக் கையை எப்படித் தூக்கியிருந்ததோ, அது மாறாமல் தட்டுகிறார்கள்.

மகளுக்குக் காது குத்தியபோது மாமா வந்தார். காரியாபட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரியைப் பார்த்ததுமே மகள் கோயில் அதிரக் கத்தினாள். மாமா தோள்பையிலிருந்து அந்தச் சிவப்பு பஸ்ஸை எடுத்தார். அதை அவர் போகிற இடமெல்லாம் கொண்டு போகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் முகத்துக்கு நேராகப் படிக்கட்டு கையானது, கண்ணாடி நெஞ்சானது. மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போதே ஒரு காது முடிந்தது. மறுபடி பஸ்ஸாவதற்குள் இன்னொரு காதும் முடிந்தது. அவளுக்கு அது ஞாபகமில்லை. மாமா மடியில் இருக்கிற போட்டோவைக் காட்டினால், "இந்த சிவப்பு பஸ்ஸு எங்கப்பா?" என்றுதான் கேட்கிறாள்.

கோயம்புத்தூருக்குத் திரும்புகிற அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த பெட்டியைப் பார்த்தார். சங்குசக்கரத்துக்குப் போகாமல் நான் எடுத்து வைத்த ஒரே பெட்டி. கீழே இறக்கி, பையிலிருந்த ரோபோவை அதற்குள் வைத்தார். இழுபறி இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மெத்தென்று உட்கார்ந்தது. மாமா அளவெடுத்த பெட்டி, நான் வெட்டிய பெட்டி. மூடியை மூடிவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்படியே விட்டுவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் திறந்து ரோபோவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பெட்டி இங்கன இருக்கட்டும் அத்தான்."

"பொம்மை?"

"எங்கிட்ட இருக்கட்டும். இறக்கை வச்சும் மூடுற மாதிரி ஒரு வழி இருக்கு. இன்னும் பிடிபடலை."

போன மாசம் பல்வலிக்கு விருதுநகர் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், கண்ணாடியை உயர்த்திவிட்டு, "பஸ்ஸு வந்துருச்சா?" என்று கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். "வரட்டும், வரட்டும்," என்றார். அவர் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வரிசையாக ரோபோக்கள் நின்றன. நடுவில் ஒரு செங்கல் நிற்கிற அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

பிள்ளைகளே, அது வெறும் பெட்டிதான். ஆனால் ஏமாற்று இல்லை. எங்கள் தெரு முனையில் நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மினி பஸ் வரும் நேரம் தாண்டிவிட்டால், ஒரு அடி ரோட்டில் இறங்கி, தலையை நீட்டி ஆமத்தூர்ப் பக்கம் பார்ப்பார்கள். வராது என்று நினைத்தால் யாரும் அப்படி எட்டிப் பார்க்க மாட்டார்கள். வேலைக்குக் கிளம்பும்போது நானும் சில நாள் பீரோ பக்கம் போய், தங்க இறக்கையின் மேல் படிந்த தூசியை விரலால் தட்டிவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறேன்.